உப்புக்காற்றில் ஒரு ஆர்எக்ஸ் 100: பழைய பைக்கை வீட்டிலேயே மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி

மதுரையிலும் கோவையிலும் பழைய வண்டியைப் பிரித்து மாட்டுகிறவர்கள் சொல்லும் முறை நம்ம பக்கத்துக்குப் பாதிதான் பொருந்தும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை என்று கடலை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு முதல் எதிரி தேய்மானம் இல்லை, உப்பு. இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று சோதித்துப் பார்க்க, காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில்தான் நிலையம் வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், தூக்குப் பகுதி அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அத்தனை கனமான இரும்புக்கே அந்தக் கதி என்றால், மெல்லிய குழாயால் ஆன பைக் ஃபிரேமுக்கு நாம் எவ்வளவு பார்த்துச் செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் வேலை பார்த்தது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் வந்த வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 4 கியர், 11 குதிரைத்திறன். போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டுமே 50 மில்லிமீட்டர். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் கிடையாது என்பதால் வீட்டில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல என்ஜின் இல்லை. உதிரிபாகமும் இன்னும் கிடைக்கிறது. வேறு வண்டி வைத்திருப்பவர்களும் என்ஜின் பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு மற்றதை அப்படியே பின்பற்றலாம்.

வாங்குவதற்கு முன்

என் வண்டி பல வருடம் மீன் பெட்டி சுமந்தது. விற்ற மீன் வியாபாரி மறைக்காமல் சொன்னார்: "தம்பி, இது ஐஸ் தண்ணி குடிச்ச வண்டி. பின்னாடி நல்லாப் பாத்துக்க." "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் கேரியர் வழியாக இறங்கி, ஃபிரேமின் பின் வளைவு, ஷாக் அப்சார்பரின் கீழ்க் கண், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், செயின் கவர் என்று ஒரே பாதையில் ஓடியிருக்கிறது. அந்தப் பாதை முழுக்க இரும்பு அடுக்கடுக்காக அப்பளம் போல் உரிந்தது. முன்பக்கம் புதுசு மாதிரி இருந்தது.

அதனால் சீட்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஃபிரேம் குழாயைக் கீழிருந்து மேல்வரை தட்டுங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் தகரப் பெட்டி போல் மந்தமாகக் கேட்கும். அந்த இடத்தில் கூர்முனையால் அழுத்தி, உள்ளே போனால் வண்டியை விட்டுவிடுங்கள். பின் வளைவில் ஒரு சின்னப் பகுதி என்றால் நல்ல வெல்டர் குழாயை வெட்டி மாற்றித் தருவார். ஹேண்டில் திரும்பும் ஹெட் பைப் பக்கமோ என்ஜின் மவுண்ட் பக்கமோ அரித்திருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டும் விஷயம் அது இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

அடுத்தது ஆர்சி புத்தகம். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இரண்டு எண் மேலும் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை வண்டிகளில் துரு அந்த எழுத்தையே தின்றிருக்கும். எண் தெரியாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. அப்போது ராமநாதபுரம் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்ட வேண்டும், எண்ணைப் பார்ப்பார்கள். கடன் பாக்கி இருக்கிறதா, வரி கட்டியிருக்கிறதா என்பதை மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

எந்த மாதத்தில் எந்த வேலை

இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இங்கே வேலையைக் காற்றைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் இருக்கும்போது வண்டியைப் பிரித்து, கழுவி, துரு எடுக்கும் வேலையைச் செய்யுங்கள். மழைத் தண்ணீர் கிடைக்கும் காலம் அதுதான். மார்கழி, தையில் லேத் வேலை, என்ஜின் வேலை. மாசி, பங்குனியில் பெயிண்ட். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மணலும் உப்புச்சாரலும் பறக்கும். ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டினால் திரும்பத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை.

எனக்குப் போதுமான இடமாக இருந்தது வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டி மறைத்தேன். தரை சிமெண்டாக இருந்தால் நல்லது, விழுந்த நட்டு மணலில் தொலையாது. பெட்ரோலை அடைத்த கேனில், அடுப்பும் சுவிட்சும் இல்லாத பக்கம் வையுங்கள்.

பிரிப்பது

முதல் நாள் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. அவசரப்பட்டுத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும்.

என்ஜின் கவரில் இருக்கும் நட்சத்திர ஸ்க்ரூக்கள் அலுமினியத்தோடு பூத்துப்போய் ஒட்டியிருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதன் பள்ளத்தை வழித்துவிடும். சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு நான் வாங்கிய கருவிகளில் காசுக்கு மேல் உழைத்தது அதுதான். அப்புறம் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கின் முனையில் இருக்கும் மேக்னட்டைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். மேக்னட்டை நெம்பியோ தட்டியோ எடுக்கக் கூடாது, கிராங்க் வளையும்.

பிரிக்கும் ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். வயரிங் போகும் பாதையை மூன்று கோணத்தில் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பழைய பிரேக் ஷூவின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. ட்ரம்மைத் திறந்ததும் வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்துத் துணியையும் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

உப்பை வெளியேற்றுவது

முதல் முயற்சியில் நான் தோற்ற இடம் இது. ஃபிரேமைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளி போலத் தேய்த்து, மறுநாள் ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு பெயிண்ட் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. ஆறு மாதத்துக்குள் ஸ்விங் ஆர்ம் அருகில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் கிள்ளினால் உள்ளே ஈரமான காவித் தூள். துருவை எடுத்திருக்கிறேன், உப்பை எடுக்கவில்லை. இரும்பில் விழுந்த சின்னச் சின்னக் குழிகளின் அடியில் உப்பு உட்கார்ந்திருக்கும். பிரஷ் அங்கே போகாது. மேலே பெயிண்ட் அடித்தாலும் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். உப்பு தண்ணீரில்தான் கரையும். ஆகவே தேய்ப்பதைவிடக் கழுவுவதே பெரிய வேலை.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். நம் வீட்டு போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. ஒரு கண்ணாடித் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். வெள்ளைப் படிவு கனமாக நின்றால் அந்தத் தண்ணீரால் கழுவுவதும் கடலில் முக்குவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காவிரிக் குடிநீர் நல்லது. மழைத் தண்ணீர் அதைவிட நல்லது. கூரையிலும் உப்பு படிந்திருக்கும் என்பதால் முதல் மழைத் தண்ணீரை ஓடவிட்டு, அடுத்த மழையை டிரம்மில் பிடியுங்கள். நான் இரண்டு டிரம் பிடித்தேன், ஃபிரேம், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு, பிராக்கெட் எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது.

முதலில் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கிரீஸ், எண்ணெய் எல்லாவற்றையும் எடுங்கள். சோப்புத்தூள் போட்டுக் கழுவுங்கள். உரியும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரைச் சூடாக்கி, குழிகள் மேல் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஊற்றுங்கள். குழாயின் துளைகள் வழியாக உள்ளேயும் ஊற்றி வடியவிடுங்கள். காய்ந்ததும் திரும்பத் தேய்த்து, திரும்பக் கழுவுங்கள். குறைந்தது மூன்று சுற்று.

போதுமா என்று எப்படித் தெரியும்? தேய்த்துச் சுத்தமாகக் காய்ந்த இரும்பைக் கொட்டகைக்குள் ஓர் இரவு விடுங்கள். காலையில் டார்ச் அடித்து மிக அருகில் பாருங்கள். உப்பு மிச்சமிருந்தால் குழிகளைச் சுற்றி மட்டும் கறுப்பாக வேர்த்தது போல் ஒரு வளையம், நடுவே ஊசிமுனை அளவில் ஆரஞ்சுப் புள்ளி நிற்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி லேசான பழுப்பு படர்ந்திருந்தால் அது பனி ஈரம், பயம் இல்லை. புள்ளி இருந்தால் இன்னொரு சுற்று. எனக்கு ஸ்விங் ஆர்மில் ஐந்து சுற்று ஆனது.

புள்ளி வருவது நின்றபிறகுதான் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைக் குழி உள்ள இடங்களில் தடவ வேண்டும். டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, சொன்னபடி துடைத்துக் காயவையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

சேஸிஸ் எண் உள்ள இடத்தில் கிரைண்டரும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். பிரஷ்ஷும் தண்ணீரும் மட்டும். பெயிண்ட் அடிக்கும்போது எழுத்து மூழ்காதபடி மெல்லிய பூச்சு போதும்.

பெயிண்ட்

கடற்கரையில் ரெட் ஆக்சைடு மட்டும் நிற்காது. இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர் வேண்டும். அதைத் தேடி மதுரை போக வேண்டாம், விசைப்படகுக்குப் பெயிண்ட் விற்கும் கடைகளில் கேளுங்கள். படகுக்காரர்கள் உப்போடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள், எது நிற்கும் எது உரியும் என்று அவர்களுக்கு அத்துப்படி.

காலை பத்து மணிக்கு முன் தொடங்காதீர்கள், இரும்பில் பனி ஈரம் இருக்கும். உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரியக்கூடாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். ஆக, பத்து முதல் ஒரு மணி வரைதான் உங்கள் நேரம். 80 நம்பர் உப்புத்தாளால் கடைசியாகச் சொரசொரப்பாக்கி, தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே முதல் பூச்சு. தேய்த்துவிட்டு நாளை அடிக்கலாம் என்று விடாதீர்கள். பிரைமரைப் பிரஷ்ஷால் அடிப்பதில் தவறே இல்லை, குழிக்குள் அது நன்றாக இறங்கும். விளிம்புகள், வெல்டிங் மூட்டுகள் மேல் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள், அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

மேல் பூச்சுக்கு ஹார்டனர் கலக்கும் பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட் சிறந்தது. ஆனால் அதை ஸ்பிரே செய்யும்போது வரும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு, துணி முகமூடி அதைத் தடுக்காது. அந்த ஒரு வேலையை வசதியுள்ள பெயிண்டிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கழுவி, பிரைமர் போட்டுக் கொடுங்கள், அது போதும். நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்தையே அடிப்பதில் எனக்கு இரட்டை சந்தோஷம்.

குழாயின் உட்புறத்தை மறந்துவிட்டால் இத்தனையும் வீண். பெயிண்ட் நன்றாக ஆறியபின் துளைகள் வழியே, குழாய்க்குள் அரிப்பைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸ் ஸ்பிரே அடித்து, ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி ஓடவிடுங்கள். கீழே வடிகால் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும்.

டேங்க்

உள்ளே துரு இருந்தால் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் போதும். பெட்ரோலை முழுக்க எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, வெந்நீரில் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து நிரப்புங்கள். ஒரு கைப்பிடி பழைய நட்டு போட்டு அவ்வப்போது குலுக்கி, இரவு முழுக்க விடுங்கள். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் சூடாகக் காயவைத்து, உள்ளே கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜின் எண்ணெய்) ஊற்றிச் சுழற்றுங்கள். தாமதித்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பத் துரு பிடிக்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் டேப்பின் வாஷரும் அதில் ஊறி உப்பிவிடும், புதிதாக மாற்றுங்கள்.

என்ஜின்

பிரிக்குமுன் ஒரு முறை ஓட்டிப் பார்க்க முடிந்தால் என்ஜினே குறையைச் சொல்லும். வெளியே கசிவு இல்லாமல் கியர் ஆயில் குறைந்து, வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தால் கிளட்ச் பக்கக் கிராங்க் சீல் போய்விட்டது. ஐடிலில் ஆர்பிஎம் தானாக ஏறி இறங்கினால், ஆக்ஸிலரேட்டரை விட்டபின்னும் உடனே அடங்காவிட்டால், மேக்னட் பக்கச் சீல் வழியே காற்று இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்து பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சிலிண்டரில் இறுகி நின்றுவிடும். பழைய டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மட்டும் மாற்றிவிட்டு இந்தச் சீல்களை விட்டுவைப்பது வீண் செலவு.

பேரலை (சிலிண்டர்) கழற்றியதும் உட்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். கீறல் நகத்தில் தட்டுப்பட்டால் ரீபோர், அதாவது உட்சுவரைக் குடைந்து கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். முதலில் அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி, அதையும் பேரலையும் சேர்த்து லேத்தில் கொடுத்து, அந்தப் பிஸ்டனின் அளவுக்கே போர் அடிக்கச் சொல்லுங்கள். பேரல் திரும்பி வந்ததும் உட்சுவரில் உள்ள போர்ட் துளைகளின் விளிம்புகளை லேசாக மழுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். கூராக இருந்தால் ரிங் மாட்டி உடையும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்து, துணி கறுக்காமல் வரும் வரை கழுவி, உடனே எண்ணெய் தடவுங்கள்.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்தால் கொஞ்சமும் ஆட்டம் இருக்கக்கூடாது. இருந்தால் ராட் கிட் மாற்ற வேண்டும், அது பிரஸ்ஸும் டயல் கேஜும் உள்ள லேத்தின் வேலை, வீட்டில் முயலாதீர்கள். பேரிங் வாங்கும்போது பழையதன் மேல் பொறித்த எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைத்திருந்தால் கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். தூண்டிலுக்குப் போடும் மெல்லிய தங்கூசி நரம்பு ஒரு துண்டு போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். என்ஜினுக்குள் கலவையை ஒரு பக்கமாக மட்டும் விடும் ரீட் வால்வின் இதழையும் அப்படியே வெளிச்சத்தில் பாருங்கள், இடுக்கில் ஒளி கசியக் கூடாது.

மாட்டும்போது செய்யும் மாற்றங்கள்

மாற்றம் என்றாலே சைலன்சரைக் குடைவதும் பின்பக்க ஃபிரேமை வெட்டுவதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. வெட்டிய ஃபிரேம் பதிவைப் புதுப்பிக்கும்போதும் சிக்கும், வெட்டிக் கொடுத்துக் காசை வாங்கினவரும் பொறுப்பேற்க மாட்டார். நான் செய்த மாற்றம் எல்லாம் உப்புக்காக.

சின்ன போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றினேன். 304 வகை இங்கே காபிக் கறை போல் பழுப்படிக்கும், 316 வகை நிற்கும். ஆனால் ஆக்சில், என்ஜின் மவுண்ட், பிரேக் போல்ட்டுகளைத் தொடாதீர்கள். அவை உறுதி கூடிய எஃகு, சாதாரண ஸ்டெயின்லெஸ் அந்த இழுவையைத் தாங்காது. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் மரைக்கு நிறைய கிரீஸ் வைத்தே முடுக்க வேண்டும். இல்லையென்றால் உப்புத் தண்ணீர் நடுவில் புகுந்து அலுமினியத்தை மாவாக்கிவிடும்.

வீல் பேரிங்கை இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாக மாற்றினேன். வயரிங்கில் ஒவ்வொரு கனெக்டரையும் திறந்து, பச்சை பூத்த முனைகளை வெட்டிப் புதிதாகப் போட்டு, சிலிகான் கிரீஸ் தடவி மூடினேன். முன் மட்கார்டுக்குக் கீழே நீளமான ரப்பர் ஃப்ளாப் ஒன்று. வெளியே தெரியாத இந்த வேலைகள்தான் வண்டியைக் காப்பாற்றுகின்றன.

முதல் 500 கிலோமீட்டர்

என்ஜினுக்கு 2டி ஆயிலை ஊட்டும் ஆட்டோலூப் பம்பில் காற்றுக் குமிழி வருவது நிற்கும் வரை எண்ணெய் வடியவிட்டுப் பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலும் கலந்துவிடுங்கள். புகை கூடும், பரவாயில்லை, பம்ப் சரியாக இழுக்கிறது என்று தெரியும் வரை அதுதான் காப்பு. சூடாகும் வரை ஓடவிட்டு, முழுக்க ஆறியதும் ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் ஒருமுறை பாருங்கள்.

உச்சிப்புளி நேர்ச்சாலை கையைத் தூண்டும். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் இழுக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். இரண்டு விரல் எப்போதும் கிளட்ச்சில். என்ஜின் திடீரென்று கனத்து இழுப்பது போல் தெரிந்தால் அந்த நொடியே கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளிர் பழுப்பு இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் ஓட்டுவதை நிறுத்திக் காற்றுக் கசிவைத் தேடுங்கள்.

அதன்பிறகு

தனுஷ்கோடி அரிச்சல்முனை போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மறுநாள் என்று வைக்காதீர்கள். கழுவியபின் பத்து நிமிடம் ஓட்டினால் இடுக்கில் உள்ள ஈரம் காயும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்த்து உப்பு ஈரத்திலேயே வண்டி ஊறும். பழைய பருத்தி வேட்டி நல்லது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை முழுக்க வடித்து 2டி ஆயில் பூசி வையுங்கள், எத்தனால் பெட்ரோல் நம் காற்றில் தண்ணீரை இழுக்கும்.

ஒவ்வொரு வருடமும் வாடை தொடங்குமுன் சீட்டைக் கழற்றி, கேரியர் மாட்டும் இடத்தையும் ஷாக் அப்சார்பரின் கீழ்க் கண்ணையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தாலும் அன்றைக்கே சுரண்டி, சுடுதண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஒரு பிரஷ் எபாக்சி வையுங்கள். அதற்காகவே மீதி பிரைமரில் ஒரு சின்ன டப்பாவை, இரண்டு பகுதியையும் கலக்காமல் தனித்தனியாக மூடி, நிழலில் வைத்திருக்கிறேன்.